கண்ணீரை அளந்தவர்கள்

பாரிவாக்கத்தில் எனக்குத் தூரத்து உறவாகும் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். நாலு வருஷமாக ஒரே புலம்பல்: "கண்ணுல மணலை அள்ளிப் போட்டாப்பல உறுத்துதுப்பா." காட்டிய இடத்திலெல்லாம், "கண் நன்றாகத்தான் இருக்கிறது, வயசாகிவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். உறுத்தலைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அதை யாரும் நம்பாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த நம்பாமைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1903-ல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் வைத்தியர் கண்ணீரை அளக்க ஒரு வழி கண்டார். தாள் நறுக்கு ஒன்றைக் கீழ் இமையில் செருகி, 5 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நனைகிறதென்று பார்த்தார். அவ்வளவுதான்! கவிஞர்கள் வெள்ளமென்றும் கடலென்றும் பாடிய கண்ணீர், மில்லிமீட்டர் கணக்குக்குள் அடங்கிவிட்டது.

1933-ல் ஸ்வீடன் தேசத்து ஹென்ரிக் ஷேக்ரன், கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண்ணின் வறட்சி, உடம்பு முழுவதையும் பற்றிய நோயின் அடையாளம் என்பது அவர் கருத்து. சர்வகலாசாலை அந்த நூலை மெச்சவில்லை. ஆசிரியராகும் தகுதியைத் தர மறுத்தது. நோயாளிகளை நம்பிய வைத்தியரை நம்ப ஆள் இல்லை! இன்று அந்த நோய்க்கே அவர் பெயர்.

பாட்டியை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தாள் தாராளமாக நனைந்தது. எனக்குத் திக்கென்றது. டாக்டர் சிரித்தார். "உங்கள் ஊர் ஏரி மாதிரிதான். தண்ணீர் இருக்கிறது; வெயில் குடித்துவிடுகிறது" என்றார்.

கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அதைச் சுரக்கும் இமைச் சுரப்பிகளை 1666-லேயே மைபோம் வருணித்திருக்கிறார். அவை அடைபட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமலிருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் கிழிகிறது என்று எண்ணும் முறையை, 1969-ல் டென்மார்க்கின் நார்ன் விவரித்தார். 10 விநாடிக்குள் கிழிந்தால் கோளாறு. பாட்டிக்கு 4 விநாடி!

சிகிச்சையும் வளர்ந்திருக்கிறது. செயற்கைக் கண்ணீர் வந்தது. அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண் அடியோடு வறண்டு பார்வை இழந்தவர்களுக்கு, அவர்களுடைய பல்லிலேயே சிறு வில்லையைப் பொருத்திக் கண்ணில் பதிக்கும் சிகிச்சையை 1963-ல் இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி தொடங்கினார். சென்னை சங்கர நேத்ராலயாவில் 2003-ல் அது ஆரம்பமாயிற்று.

பாட்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தினம் இமைக்கு வெந்நீர் ஒத்தடம், ஒரு சொட்டு மருந்து, அவ்வளவே. பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப நான் பொய் சொல்லலைதானேப்பா?"