நெய் பூசிய படையும் கரி படிந்த பிஸ்டனும்

ஒவ்வோர் ஆண்டும் புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாடலை நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்லித்தான் தொடங்குவேன். காட்டாங்குளத்தூர் நிலையத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி வகுப்புக்கு வரும் நீங்கள் நிற்பது தொண்டை நாட்டு மண். அதியமானின் தூதாக ஔவை வந்தது இந்நாட்டு மன்னனிடம்தான் என்பேன். பாட்டில் வரும் ஊர் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்று தெரிந்தால் மாணவர்கள் சற்று நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

பாடலின் செய்தி வாசகர்கள் அறிந்ததே. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை ஔவைக்குக் காட்டுகிறான். பீலியும் மாலையும் சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் வைக்கப்பட்ட வேல்கள் அவை. ஔவை அவற்றைப் பார்த்துவிட்டு, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து எப்போதும் கொல்லனின் சிறு பட்டறையிலேயே கிடக்கின்றன என்கிறார். வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். நானும் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் இப்பாடலில் வரும் நெய்யைப் பற்றி எனக்கு வேறொரு பாடமும் உண்டு. அதைக் கற்பித்தவர் தமிழாசிரியர் அல்லர். இராணுவத்தின் ஹவில்தார் ஒருவர்.

1990களின் இறுதியில் கல்லூரி மாணவனாக இருந்தபோது நான் தேசிய மாணவர் படையில் இருந்தேன். இராணுவப் பிரிவு ஒன்றுடன் எங்களைச் சில நாட்கள் தங்கவைத்துப் பயிற்சி தந்தார்கள். அதுவரை நாங்கள் சுட்டிருந்தது .22 துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளவேண்டும். முகாமில்தான் முதன்முதலாக எஸ்.எல்.ஆர். எங்கள் கைக்கு வந்தது. 7.62 மில்லிமீட்டர் குழல், 20 தோட்டாக்கள் கொள்ளும் மேகஸின், நான்கு கிலோவுக்கு மேல் எடை. விசையை அழுத்தினால் சுட்டுவிட்டு, வெற்றுக்கூட்டைத் தானே வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். மறுபடி சுட மறுபடி விசையை அழுத்தவேண்டும். அரைத் தானியங்கி என்று தமிழில் சொல்வது இதைத்தான்.

சுட்டு முடித்த மாலை, துப்பாக்கிகளைத் துடைத்து ஒப்படைக்கவேண்டும். முதலில் மேகஸினைக் கழற்று, போல்ட்டை இழுத்து அறை காலியா என்று கண்ணால் பார், பிறகுதான் மற்றது என்று ஹவில்தார் ஒவ்வொருவரிடமும் வந்து நின்று செய்யவைத்தார். துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையைவிட ஆபத்தானது வேறில்லை என்பது அவர் சித்தாந்தம். அதன்பின் புல்த்ரூவும் சிந்தியும் எண்ணெய்க் குப்பியும் வந்தன. புல்த்ரூ என்பது ஒரு முனையில் கனமும் மறுமுனையில் துணி செருகக் கண்ணியும் உள்ள கயிறு. கனத்தைக் குழலுக்குள் விட்டு மறுபுறம் இழுத்தால் துணி உட்புறத்தைத் துடைத்துக்கொண்டு வரும். சிந்தி என்பது அந்தத் துணித்துண்டு. குழலைத் துடைக்க நாலங்குலத்துக்கு இரண்டங்குலம். எண்ணெய் பூச நாலங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். அளவுகளை ஒப்பிக்கச் சொன்னார்.

நான் ஆர்வக்கோளாறில் எல்லா உறுப்புகளுக்கும் தாராளமாக எண்ணெய் பூசி, விளக்கொளியில் பளபளக்கும்படி அடுக்கிவைத்தேன். பாராட்டுக் கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர். பிஸ்டனைக் கையில் எடுத்தார், விரலால் தடவினார்.

“தம்பி, இதுக்கு யாரு எண்ணெ போடச் சொன்னது?”

“துரு பிடிக்கக் கூடாதுன்னு போட்டேன் சார்.”

“இங்க நெருப்பு வர்ற எடம். எண்ணெ எரிஞ்சா என்ன ஆவும்? கரி ஆவும். கரி சேந்தா மாட்டிக்கும். காய வெச்சுத் தொடை. பளபளப்பு பாக்கறவனுக்கு, ஓடறதுதான் தம்பி சுடறவனுக்கு.”

அந்த முழு மாலையும் நான் பூசிய எண்ணெயை நானே துடைத்து எடுத்தேன்.

அவர் சொன்னதன் பொறியியலைப் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இத்துப்பாக்கியின் மூலவடிவம் பெல்ஜியத்தின் எர்ஸ்தால் நகரில், எஃப்.என். நிறுவனத்தில், தியூதொன்னே சைவ் என்பவர் வடிவமைத்தது. தோட்டா வெடிக்கும்போது பிறக்கும் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு குழல்வழி ஓடுகிறது. வழியில் உள்ள ஒரு சிறு துளை அவ்வாயுவில் கொஞ்சத்தைக் குழலுக்கு மேலுள்ள உருளைக்குள் திருப்பிவிடும். அது பிஸ்டனைப் பின்னுக்கு அடிக்க, பூட்டு விலகி வெற்றுக்கூடு வெளியேறுகிறது. சுருள்வில் மீண்டும் தள்ள, புதிய தோட்டா அறைக்குள் போகிறது. அதாவது மனிதக் கை செய்துவந்த வேலையை எரிந்த மருந்தின் புகையே செய்கிறது. அந்தப் புகை கரியையும் உடன் கொண்டுவருகிறது. தன்னை இயக்கும் பொருளாலேயே தன்னை அழுக்காக்கிக்கொள்ளும் கருவி இது. எவ்வளவு வாயு வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு ரெகுலேட்டர் உண்டு. கரி சேர்ந்து இயக்கம் மந்தமானால் அதைத் திருகி வாயுவைக் கூட்டிக்கொள்ளலாம். போர்க்களத்தில் அது உயிர் காக்கும் ஏற்பாடு. முகாமில் அதுவே சோம்பேறியின் உபாயம் என்று ஹவில்தார் சிரித்தார்.

இதற்கு முந்தைய .303 லீ என்ஃபீல்டுக்கு வேறு வகையான பராமரிப்பு இருந்தது. அதன் பழைய தோட்டாக்களில் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்குவது ஒருவகை உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைக் கொணரும். எண்ணெயில் உப்பு கரையாது. எனவே துடைத்து எண்ணெய் பூசிய குழல் வெளிப்பார்வைக்குப் பளபளக்க, எண்ணெய்க்கு அடியில் துரு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால்தான் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சூட்டிலேயே உலரவிட்டு, அதன்பின் எண்ணெய் பூசும் முறை ஏற்பட்டது. கடற்காற்று வீசும் சென்னையைப் போன்ற ஊர்களில் இதைத் தவறவிட்டவன் விரைவிலேயே அறிந்துகொண்டிருப்பான்.

இங்கே ஒரு தமிழாசிரியனுக்குரிய வருத்தத்தைச் சொல்லவேண்டும். மேலே நான் எழுதிய சொற்களைக் கவனியுங்கள்: புல்த்ரூ, சிந்தி, போல்ட், மேகஸின். ஒன்று ஆங்கிலம், ஒன்று இந்தி. படைக்கலத்தைப் பேணுவதற்குச் சங்கப் பாடலிலேயே கொல்லன் பட்டறைக்குத் தனிச்சொல் வைத்திருந்த மொழிக்கு ஏன் இந்த வறுமை? பாளையக்காரர் போர் அடக்கப்பட்டபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களின் படைக்கலங்களைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். 1878இல் வந்த ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. பொதுமக்கள் கையிலிருந்து படைக்கலம் போனதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெருவில் துப்பாக்கி இல்லாத சமூகமே வேண்டத்தக்கது. நான் சொல்வது சொற்களைப் பற்றி மட்டும். கருவி பாசறைக்குள் போயிற்று, அதைப் பேணும் அறிவும் உடன்போயிற்று. பாசறையின் மொழியோ தமிழன்று. நமக்கு எஞ்சியது ஆயுத பூசையின் சந்தனமும் குங்குமமும்.

பேணுதல் எல்லாவற்றுக்கும் மருந்தா என்றால் இல்லை. 1962இன் சீனப் போர் அதன் எல்லையைக் காட்டியது. நம் காலாட்படையின் கையில் அப்போது பெரும்பாலும் இருந்தது .303. நன்கு பேணப்பட்ட, குறிதவறாத, நம்பத்தகுந்த கருவி. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் கை போல்ட்டுக்குப் போய்வரவேண்டும். எதிரில் வந்தவர்களிடம் தானே குண்டேற்றிக்கொள்ளும் 56ஆம் வகைத் துப்பாக்கிகள் இருந்தன. நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில், சுமார் 16,000 அடி உயரத்துக் குளிரில், மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் 13ஆம் குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி ஏறத்தாழ முழுவதும் மடிந்தது. அவர்களிடம் குறையேதும் இருக்கவில்லை. கருவியை வீரன் துடைத்து வைக்கலாம். அது பழையதாகிவிட்டதைத் துடைத்து அகற்ற அவனால் இயலாது. அது அரசின் வேலை. பேணுதல் என்ற சொல்லுக்குள் உரிய காலத்தில் மாற்றுவதும் அடங்கும் என்பதை அந்த நவம்பர் கற்பித்தது.

அதன் விளைவுகளில் ஒன்றை எங்கள் ரயில் பாதையிலேயே காணலாம். காட்டாங்குளத்தூரில் ஏறி, தாம்பரம், பல்லாவரம் கடந்தால் பரங்கிமலை. போர் முடிந்த சில வாரங்களில், 1963 ஜனவரியில், படைக்கு அவசரமாக அதிகாரிகளை உருவாக்க அங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது; 1988 முதல் அதன் பெயர் அதிகாரிகள் பயிற்சி அகாதெமி. அதே அறுபதுகளில் வங்காளத்தின் இஷாப்பூர்த் தொழிற்சாலையில் எஸ்.எல்.ஆர். இந்தியாவிலேயே உருவாகத் தொடங்கி, படிப்படியாக .303இன் இடத்தைப் பிடித்தது. 1966இல் திருச்சியில் சிறுபடைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. அதியமானின் கொல்லன் பட்டறை மீண்டும் தமிழ் மண்ணுக்கு வந்தது என்று அதைச் சொல்ல எனக்கு ஆசை. 1990களில் இன்சாஸ் வந்தபின் எஸ்.எல்.ஆர். மெல்ல இராணுவத்தை விட்டு விலகிப் பல மாநிலக் காவல்படைகளுக்குச் சென்றது.

புதிய கருவி வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதற்கு விடை அதே அறுபதுகளில் வியட்நாமில் கிடைத்தது. அமெரிக்கப் படைக்கு எம்-16 என்னும் துப்பாக்கி வழங்கப்பட்டது. எஸ்.எல்.ஆர். போலத் தானே குண்டேற்றுவது, தொடர்ந்து சுடவும் வல்லது, எடை குறைந்தது. இதைத் துடைக்கவே வேண்டாம் என்றொரு பேச்சு எப்படியோ பரவியது. துடைக்கும் கருவிகள் போதிய அளவில் அனுப்பப்படவில்லை. தோட்டாவின் மருந்தும் இடையில் மாற்றப்பட்டிருந்தது. புதிய மருந்து அதிகக் கரியை விட்டது. ஈரக்காட்டில் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. சுட்டதும் வெற்றுக்கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ள, திறக்க முடியாத துப்பாக்கியோடு வீரர்கள் இறந்து கிடந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. பின்னர் பூச்சு வந்தது, துடைக்கும் கருவிகள் வந்தன. அறுபதுகளின் இறுதியில், புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரின் படங்களோடு ஒரு பராமரிப்புக் கையேடும் வந்தது. துப்பாக்கியைத் துடைப்பது எப்படி என்று சொல்ல ஒரு பேரரசு சித்திரக்கதைக்காரரை நாடியது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி. அதற்கு முன் கொடுக்கப்பட்ட விலை சுவையானதன்று.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஔவையிடம் திரும்பிப் போகிறேன். அப்பாடலின் துறை வாண்மங்கலம் என்று வகுத்திருக்கிறார்கள்; படைக்கலத்தைப் போற்றுவது. மாலையும் நெய்யும் அந்த மங்கலத்தின் அடையாளங்கள். ஔவை அவற்றைப் பழிக்கவில்லை. நெய் பூசுவது தவறும் அன்று. பயன்படாத இரும்புக்கு அது வேண்டியதுதான். அவர் கேட்காமல் கேட்டது ஒரே கேள்வி: இந்த நெய் யாருக்காக? பார்க்க வரும் தூதருக்காகவா, நாளை இதை ஏந்தி நிற்கப்போகும் வீரனுக்காகவா? பீலி சூட்டிய வேலின் பழுதுகளை யாரும் காணப்போவதில்லை. கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேலின் பழுது ஒவ்வொன்றும் எண்ணப்படுகிறது, திருத்தப்படுகிறது. மாணவனாக நான் அப்பாடலில் வீரத்தைப் படித்தேன். இப்போது அதில் பராமரிப்பைப் படிக்கிறேன்.

ஆயுத பூசைக்கு மறுநாள் மறைமலைநகர்ப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். முந்தைய நாள் லேத் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். காலையில் வந்த தொழிலாளி மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாக வைத்தார். பிறகு ஈரத்துணியால் சந்தனத்தை, அது நகரும் தடத்தில் ஒரு துளியும் மிஞ்சாமல், பொறுமையாகத் துடைத்தெடுத்தார். அதன்பின் எண்ணெய்க் குப்பியை எடுத்து, எங்கே விடவேண்டுமோ அங்கே மட்டும் இரண்டு சொட்டு விட்டார்.

ஹவில்தார் இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.