பேரன் கேட்ட நாலு சக்கர வண்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விஸ்கான்சினில் இருக்கும் மகன் வீடியோவில் வந்தான். எப்போதும் அவன் அம்மாவிடம்தான் முதலில் பேசுவான். அன்று எடுத்த எடுப்பிலேயே, "அப்பா எங்கேம்மா?" என்றான். போக்குவரத்துக் கழக டிப்போவில் 31 வருஷம் ஸ்பேனர் பிடித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியாம்.

விஷயம் இதுதான். பேரனுக்கு 13 வயது. ஏ.டி.வி. வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாக் கடற்கரைகளில் காசு வாங்கிக்கொண்டு மணலில் ஓட்டவிடுகிறார்களே, தடித்த நாலு டயரும் பைக்கில் இருப்பது போன்ற ஹேண்டில்பாரும் உள்ள வண்டி, அதுதான். அங்கே கிராமப்புறத்தில் அது விளையாட்டுச் சாமான் மட்டுமில்லை. வேலியைச் சுற்றிப் பார்க்க, விறகு இழுக்க, பனியைத் தள்ள எல்லாவற்றுக்கும் அதுதான். மகன் வீட்டைச் சுற்றி ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுகிறார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல மனிதர். தன் கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டியைச் சும்மாவே தருகிறேன் என்றாராம். 1980களில் வாங்கியது. இன்றைக்கும் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. "ரொம்ப நம்பகமான வண்டிப்பா" என்று சொல்லி மகன் கேமராவைத் திருப்பிக் காட்டினான். முன்னால் ஒரே ஒரு சக்கரம்!

வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் 13 வயதுப் பையன் கேட்பானா? பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏன் தாத்தா? எஞ்சின் நல்லாத்தானே ஓடுது?" என்றான். நியாயமான கேள்வி. ஒரு வாரம் டயம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததையும், வண்டிகளோடு வாழ்ந்ததில் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து அவனுக்குச் சொன்னேன். நம் நண்பர்களில் பாதிப் பேருக்குப் பேரன் பேத்திகள் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இந்த வண்டி பிறந்த கதையே சுவாரசியமானது. 1960களின் கடைசியில் ஹோண்டா கம்பெனிக்கு அமெரிக்காவில் ஒரு தலைவலி. குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். பனியில் யார் பைக் ஓட்டுவார்கள்? டீலர்கள், குளிர்காலத்தில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜப்பானில் ஒசாமு தாகேயுச்சி என்ற பொறியாளர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இரண்டு சக்கரம், மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். பனியிலும் சேற்றிலும் மூன்று சக்கரம்தான் அன்றைய சின்ன எஞ்சினுக்கு ஒத்து வந்தது. காற்று மிகக் குறைவாக அடைத்த பலூன் மாதிரியான டயர்களைப் போட்டார். அவை தரையில் புதையாமல் மிதந்து போயின.

1970இல் அது யு.எஸ்.90 என்ற பெயரில் கடைக்கு வந்தது. 89 சிசி எஞ்சின், 7 குதிரைத்திறன், விலை 595 டாலர். பின்னால் ஏ.டி.சி.90 என்று பெயர் மாறியது. 1971இல் வந்த 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி இதே மாதிரி மூன்று சக்கர வண்டியில் பாலைவனத்தில் பறப்பார். 1982இல் 'பிக் ரெட்' என்று சாமான் ஏற்றும் கேரியரோடு ஒன்று வந்ததும் விவசாயிகளும் வாங்க ஆரம்பித்தார்கள். மற்ற ஜப்பான் கம்பெனிகளும் போட்டிக்கு வந்தன. வண்டிகள் லட்சக்கணக்கில் விற்றன.

எஞ்சினைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரரின் வண்டி இன்னமும் ஸ்டார்ட் ஆவதே அதற்குச் சாட்சி. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

நம்மூர் ஆட்டோ திருப்பத்தில் வேகமாக வளைந்தால் ஒரு பக்கம் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று சக்கரம் உள்ள எதற்கும் அந்த வியாதி உண்டு. முன்பக்கத்து இரண்டு மூலைகளிலும் தாங்க ஆள் இல்லை. ஏ.டி.சி.யில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம் பஸ்ஸின் பின் ஆக்சிலில் டிஃபரென்ஷியல் இருக்கிறது. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடினால் போதும். அந்த வித்தியாசத்தை டிஃபரென்ஷியல் பார்த்துக்கொள்ளும். இந்த வண்டியிலோ பின் சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டவை. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே பார்க்கும். ஓட்டுகிறவர் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, எடையை வெளிப்பக்கக் கால்மிதியில் போட்டு, உள்சக்கரத்தின் பிடியைத் தளர்த்தினால்தான் திரும்பும். பழகியவருக்கு அது வித்தை. பழகாத பையன் என்ன செய்வான்? சைக்கிளில் செய்கிற மாதிரி காலைத் தரையில் ஊன்றுவான். பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறிவிடும்.

பார்க்கப் பொம்மை மாதிரி இருந்ததால் பெற்றோர் பயப்படவில்லை. 1986இல் மட்டும் ஏறத்தாழ 86,000 பேர் இந்த வண்டிகளால் காயம்பட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 1982லிருந்து அந்த ஆணையம் சேர்த்து வரும் மரணக் கணக்கில், சுமார் நாலில் ஒருவர் 16 வயதுக்குக் குறைந்தவர். இந்த வரியைப் படித்தபோது என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். "இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு? வாங்க வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அவள் கட்சிதான். 16 வயதுக்குள் ஏ.டி.வி.யே கூடாது என்பது அவர்கள் நிலை.

1987 டிசம்பர் கடைசியில் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஐந்து கம்பெனிகளும் ஒப்புக்கொண்டதன் பேரில், 1988 ஏப்ரலில் நீதிமன்றம் பத்து வருஷத்துக்கு ஓர் உத்தரவு போட்டது. புது மூன்று சக்கர வண்டி விற்கக் கூடாது. வாங்குகிறவருக்கு இலவசப் பயிற்சி தர வேண்டும். 90 சிசிக்கு மேற்பட்ட வண்டி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. 70 முதல் 90 சிசி வரை 12 வயது முதல். அதற்கும் சின்னது 6 வயது முதல்.

ஆனால் ஏற்கெனவே விற்ற வண்டிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை. அவை கொட்டகைகளிலேயே தங்கிவிட்டன. என் பேரனைத் தேடி வந்ததும் அப்படித் தங்கிய ஒன்றுதான்.

நாலு சக்கரத்துக்கு வருவோம். 1982இல் சுசுகி அதைக் கொண்டுவந்திருந்தது. சீக்கிரமே குழந்தைகளுக்கென்று 50 சிசி வண்டியும் விட்டது. நாலு சக்கரம் கவிழாது என்று நினைக்க வேண்டாம், அதுவும் கவிழும். ஆனால் மூன்றை விட நிதானமானது.

1988 உத்தரவில் ஒரு ஓட்டை இருந்தது. 14, 15 வயதில் ஆறடியை எட்டுகிற பிள்ளைகள் அங்கே அதிகம். அவர்கள் 90 சிசி வண்டியில் உட்கார்ந்தால் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். அதனால் அப்பாவின் 400 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னொரு பக்கம், அந்த உத்தரவில் கையெழுத்திடாத புதுக் கம்பெனிகளின் மலிவு வண்டிகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கின. முன் பிரேக்கே இல்லாத குழந்தை வண்டிகளும் அதில் இருந்தன.

2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பெரிய சட்டம் போட்டது. அதன்படி 2009 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே தர விதி. புது மூன்று சக்கர வண்டி இறக்குமதியும் விற்பனையும் கூடாது. சிசி கணக்குப் போய் வயதும் வேகமும் கணக்கானது. 6 வயதுக்கு மேல் ஒரு வகை, மணிக்கு 15 மைலுக்கு மேல் போகாது. 10க்கு மேல் ஒன்று, 12க்கு மேல் ஒன்று, இரண்டும் 30 மைல். 14 வயதுக்கு மேல், பெரியவர் மேற்பார்வையில் ஓட்ட 'டிரான்சிஷன்' என்று ஒரு வகை. உடம்பு கொஞ்சம் பெரிது, ஆனால் 38 மைலைத் தாண்டாது. சின்ன வண்டிகளில் வேகத்தை இன்னும் குறைத்து வைக்கத் தடுப்பு உண்டு. நம் பஸ்ஸின் ஸ்பீடு கவர்னர் மாதிரிதான். பெற்றோர் பிள்ளையின் பழக்கத்தைப் பார்த்துத் தளர்த்தலாம்.

அதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. குழந்தைகளின் பொருள்களில் ஈயம் கூடாது என்று ஒரு பிரிவு. பொம்மைகளை மனதில் வைத்து எழுதியது. பேட்டரி முனையிலும் டயர் வால்விலும் ஈயம் கலந்திருக்குமே! 2009 பிப்ரவரியில் டீலர்கள் குழந்தைகள் வண்டிகளைக் கடையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கான சின்ன வண்டி கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? மறுபடி பெரிய வண்டிதான். பிறகு ஆணையமே அந்தப் பிரிவை அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்தது. 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்துத் திருத்தியது.

இதையெல்லாம் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் தாடையைத் தடவிக்கொண்டான். எனக்குப் புரிந்தது. 1994இல் அவனுக்கு 14 வயது. மாவு மில்லுக்குப் போய்வரச் சொல்லி என் மொபெட்டைக் கொடுத்தனுப்பினேன். திருப்பத்தில் மணல். தாடையில் ஏழு தையல். அந்த மொபெட் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. நானே எஞ்சினைப் பிரித்துப் பூட்டி வைத்திருந்தேன். ஆனால் அவன் கால் தரையில் சரியாக எட்டவில்லை. எட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன்.

"நம்பகமான வண்டின்னா என்ன தெரியுமாடா?" என்று பேரனிடம் கேட்டேன். "ஸ்டார்ட் ஆகிறது வண்டியோட நம்பகம். நீ போன மாதிரியே திரும்பி வர்றதுதான் எங்களுக்கு நம்பகம்."

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். புது வண்டி, பக்கத்திலேயே உதிரிபாகமும் மெக்கானிக்கும் உள்ள டீலரிடம். வயது எழுதிய லேபிள் வண்டியில் இருக்க வேண்டும். கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத வகை. கால்மிதியில் எழுந்து நின்றால் சீட்டுக்கும் உடம்புக்கும் மூன்று அங்குலமாவது இடைவெளி. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினாலும் முட்டியில் இடிக்கக் கூடாது. பிடியை விடாமலே விரல் பிரேக்குக்கு எட்ட வேண்டும். ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் முதலிலேயே தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். தார் ரோட்டில் ஏறக் கூடாது. பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. சீட் நீளமாக இருப்பது ஓட்டுகிறவர் உடம்பை நகர்த்திக்கொள்ளத்தான்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தான். 12 வயது வகையில் முட்டி இடித்தது. வளர்ந்துவிட்டான் பயல்! டிரான்சிஷன் வண்டி அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு 14 வயது ஆக வேண்டும். நவம்பரில்தான் ஆகிறது. விற்பனையாளர், ஐந்து மாதம்தானே என்று சிரித்தாராம். மகன் என்னைக் கேட்கவே இல்லை. "நவம்பர்ல வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

பேரனுக்கு என் மேல் கோபம். இரண்டு வாரம் பேசவில்லை. போன ஞாயிறு தானாகவே வந்தான். விஸ்கான்சினில் பொதுத் தடங்களில் ஓட்ட, 12 வயதிலேயே பாதுகாப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் சேர்ந்துவிட்டானாம். "தாத்தா, டிஃபரென்ஷியல் எப்படி வேலை செய்யும்னு மறுபடி சொல்லுங்க" என்றான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். என் மனைவி இன்னமும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது.