திண்டுக்கல் இலை, திருச்சிப் பெயர்

சுருட்டைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் ஹவானாவில் தொடங்குவார்கள். எனக்கு வேடசந்தூரில்தான் தொடங்க வரும். ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றிய மண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் நாற்று நட்டு, மொட்டு தலைகாட்டியதும் நுனி கிள்ளி, பக்கக் கிளைகளை ஒடித்துப் போட்டு, மாசி, பங்குனியில் செடியை வெட்டிக் காயவைத்த குடும்பம் எங்களுடையது. பிழைப்பு என்னை ஓசூருக்குக் கொண்டுவந்தது. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபின், குளிருக்காகவே தளியில் வீடு பிடித்தேன்.

தளியைச் சுற்றி ராகிக் கொல்லைகளுக்கு நடுவே இப்போது ரோஜாவுக்கான பசுமைக்குடில்கள் எழுந்துவிட்டன. இஸ்ரேல் ஒத்துழைப்போடு தமிழ்நாட்டில் அமைந்த மகத்துவ மையங்களில் ஒன்று இங்கே கொய்மலருக்காக இருக்கிறது. இன்னொன்று காய்கறிக்காக எங்கள் திண்டுக்கல் பக்கம், ரெட்டியார்சத்திரத்தில் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆனேக்கல் வழியாக வார இறுதியில் இங்குள்ள பண்ணை வீடுகளுக்கு வருகிறவர்கள் சிலர் எனக்குப் பழக்கமானார்கள். அவர்கள் மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே கியூபாவும் நிகராகுவாவும் டொமினிக்கன் குடியரசும் வரிசையாகக் கிடக்கும். கியூபச் சுருட்டு ஐந்து வருடமாவது தூங்க வேண்டும் என்பார் ஒருவர். கண்ணாடித்தாளைக் கழற்றாமல் வைத்தால்தான் மணம் நிற்கும் என்பார் இன்னொருவர். முதலில் மிளகு, நடுவில் கோகோ, கடைசியில் பதப்படுத்திய தோல் என்று ஒரே சுருட்டில் மூன்று சுவைகளைப் பிரித்துச் சொல்வார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் லண்டன் கடைத்தெருவில் ஒரு காலத்தில் திண்டுக்கல் பெயரிலேயே சுருட்டு விற்றது என்று நான் சொன்னபோது அவர்களில் ஒருவரும் நம்பவில்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாத் பேக் பீஜப்பூரிலிருந்து அதை அக்பரின் அவைக்குக் கொண்டுபோனார். ஜஹாங்கீர் 1617இல் தடை போட்டார், தடை நிற்கவில்லை. தெற்கே அது வேர் பிடித்த இடங்களில் திண்டுக்கல் முக்கியமானது. தளிக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்டார்கள். இரண்டும் ஹைதர் அலியின் மண். 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்துதான் அவர் தலையெடுக்கத் தொடங்கினார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் திண்டுக்கல்லும் உண்டு, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலும் உண்டு. ஓசூர், தளிப் பக்கம் மட்டும் 1799 வரை மைசூரோடு இருந்தது.

கம்பெனி ஆட்சி வந்ததும் பட்டாளம் வந்தது. திருச்சியில் பெரிய படைமுகாம். சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் புகை வேண்டும். உறையூரில் சுருட்டு சுற்றும் தொழில் வளர்ந்ததற்கு இந்த வாடிக்கையாளர்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1862இல் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருச்சி வரை ரயில் பாதை எட்டியது. 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை போனது. திண்டுக்கல்லில் விளைந்த இலை வண்டியேறி உறையூர் போய், சுருட்டாகி, பெட்டிக்குள் அடங்கிக் கப்பலேறியது. பெட்டியின் மேல் இருந்தது திருச்சியின் பெயர். ஊர்ப் பற்றால் சொல்லவில்லை, அந்தச் சுருட்டின் குணத்தில் பெரும்பங்கு இலையைச் சேர்ந்தது. பெயர் கை மாறியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஆர்தர் கோனன் டாய்ல் சாட்சி. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். 1890இல் வந்த அடுத்த நாவலிலும் திருச்சிச் சுருட்டின் கறுப்புச் சாம்பல் வருகிறது. கூடவே கோதாவரி லங்காக்களில், அதாவது ஆற்றிடைத் தீவுகளில், விளைந்த புகையிலையின் சுருட்டும் வருகிறது. விளக்கம் ஏதும் தராமல் இந்தப் பெயர்களை எழுதுகிற அளவுக்கு ஆங்கில வாசகர்களுக்கு அவை பழகியிருந்தன. அதே காலத்தில் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்த ப்யூலே என்ற புகையிலைக் கடை, 'ப்ளோர் டி திண்டுக்கல்' என்ற சுருட்டைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றது. ஸ்பானிய மொழியில் பூ என்று சொல்லி, அதன் பின்னால் எங்கள் ஊரின் பெயரை ஒட்டியிருந்தார்கள். சென்னையின் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. உள்ளே வைக்கும் இலை நம்முடையது. உயர்ந்த ரகங்களுக்கு மேலே சுற்றும் மெல்லிய இலை ஜாவா, சுமத்ரா பக்கமிருந்து வரும். நம் இலை தடிப்பு, நரம்பு பருத்தது. பட்டுப் போன்ற மேலிலை நம் வெயிலில் வராது.

சுவைக்கு வருகிறேன். நண்பர்கள் பழக்குவது, பதப்படுத்துவது என்று பேசுவதெல்லாம் சுருட்டு பெட்டிக்குள் போன பிறகு நடக்கிற சங்கதி. பாதிக்கு மேற்பட்ட வேலை அதற்கு முன்பே, இலை அம்பாரமாகக் கிடக்கும்போது முடிந்துவிடுகிறது. என் அப்பத்தா திண்டுக்கல்லில் ஒரு புகையிலை மண்டியில் நரம்பு கிழிக்கும் வேலை பார்த்தது. நடு நரம்பை ஒரே இழுப்பில், இலை கிழியாமல் உருவும். அதன் பேச்சில் இலைக்கு உயிர் உண்டு. "இலை வேர்க்கணும்டா. வேர்த்து அடங்குனாத்தான் வாயில வைக்க முடியும்" என்று சொல்லும்.

அந்த வேர்வையைத்தான் நொதித்தல் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. காய்ந்த இலை பனி இறங்கும் அதிகாலையில் மறுபடி துவளும். நொறுங்காமல் கையாள முடிகிற அந்தப் பதத்தில் கட்டி, அடுக்கி, அம்பாரம் போடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் உள்ளே சூடேறும். அப்பத்தா முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்க்கும். கை பொறுக்காத சூடு வந்தால் அம்பாரத்தைப் பிரித்து, மேலிருந்ததைக் கீழும் உள்ளிருந்ததை வெளியிலுமாக மாற்றி அடுக்க வேண்டும். விட்டுவிட்டால் இலை கருகி மக்கிப்போகும். அவசரப்பட்டுச் சூடேறுமுன் பிரித்தால் பச்சை வாடை போகாது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா கிளம்பும். அது கிளம்பக் கிளம்பத்தான் இலை இணங்கும். மாவுச்சத்தும் புரதமும் சிதைந்து, கடுப்பு இறங்கி, மணம் ஏறுகிற வேலை இது. வாரக்கணக்கில் நடக்கும், நல்ல சரக்குக்கு மாதக்கணக்காகும். வெப்பமானி இல்லாமல், எழுத்தில் ஒரு குறிப்பு இல்லாமல், உள்ளங்கையை நம்பி இதைச் செய்தார்கள். தொழிற்சாலையில் பல வருடம் அளவுகோலோடு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கையின் துல்லியத்துக்கு முன் என் கருவிகளைப் பெரிதாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

எந்தக் கிணற்றின் இலை எதற்கு ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வேடசந்தூர் வட்டாரத்தில் உப்புக் கரிக்கும் கிணறுகள் நிறைய. அந்தத் தண்ணீரில் விளையும் இலை வெற்றிலையோடு மெல்ல உகந்தது. மெல்லும் புகையிலையில் அங்கு விலாஸ் போன்ற திண்டுக்கல் பெயர்கள் நிலைத்ததை எல்லோரும் அறிவோம். ஆனால் உப்பு ஏறிய இலையைச் சுருட்டில் வைத்தால் நின்று எரியாது, இழுக்க இழுக்க அணையும். இலையில் குளோரைடு கூடினால் எரிதிறன் குறையும், பொட்டாசியம் கூடினால் நன்றாக எரியும் என்பது பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் சொன்ன காரணம். வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்ற நாட்டு ரகங்களின் பெயர்களை இன்றைக்கு அங்கே போய்ச் சொன்னால்தான் புரிந்துகொள்வார்கள்.

பெட்டிக்குள் நடப்பதைப் பற்றி நண்பர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடானவையும் உண்டு. ஈரப்பதம் 65இலிருந்து 70 விழுக்காட்டுக்குள், வெப்பம் 20 டிகிரியை ஒட்டி என்ற அவர்கள் கணக்கு சரிதான். வெப்பம் கூடினால் புகையிலை வண்டு முட்டை பொரித்துச் சுருட்டை ஊசித்துளையாக்கிவிடும். திண்டுக்கல் கோடையில் இதற்கு இயந்திரம் வேண்டும். தளியில் வருடத்தின் பெரும்பகுதி ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். சுருட்டின் மேல் படியும் வெள்ளைத் துகள் முதிர்ச்சியின் பூ என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்வார். அது பூஞ்சை என்பது என் தீர்மானம். ஈரத் துணியால் துடைத்துவிட்டு நான் பெட்டியைக் காயவைப்பேன். ஸ்பானிஷ் செடார் மரத்தைத் தவிர வேறு பெட்டி ஆகாது என்பதையும் நான் ஏற்கவில்லை. அது வேம்புக் குடும்பத்து மரம். அதற்கு நெருங்கிய உறவான சந்தன வேம்பு நம் மலைகளிலேயே வளர்கிறது. என் பெட்டி அந்த மரத்தில் செய்தது.

சர்ச்சில் பேச்சும் தவறாமல் வரும். 1896இல் இளம் அதிகாரியாகப் பெங்களூர்ப் படைமுகாமுக்கு வந்து சேர்ந்தவர் அவர், இங்கிருந்து கூப்பிடு தூரம். அதற்கு முந்தைய வருடமே கியூபாவுக்குப் போய் வந்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஹவானா சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது சென்னை அரசாங்கம் அவருக்குத் திண்டுக்கல் சுருட்டு அனுப்பியது என்றும், அதைக் கவனிக்கத் தலைமைச் செயலகத்தில் ஓர் எழுத்தரே இருந்தார் என்றும் ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. நண்பர்களுக்கு அது பிடித்த கதை. எனக்கு அந்தச் சுருட்டின் இலையைப் புரட்டிய கைகள் யாருடையவை என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. குடித்தவர் பெயர் இருக்கிறது, விற்ற கம்பெனியின் பெயர் இருக்கிறது. நரம்பு கிழித்த, சுற்றிய, கட்டிய பெண்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எந்த ஏட்டிலும் பார்க்கவில்லை.

சுருட்டை ஓரங்கட்டியது சிகரெட்டும் பீடியும். 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ வந்தபின் சிகரெட் ஊர் ஊராய் இறங்கியது. ஏழைக்குப் பீடி மலிந்தது. உறையூரில் பென் தாம்சன் போன்ற பழைய பெயர்கள் நூறாண்டு தாண்டியும் தொடர்ந்தன என்றாலும் சுற்றுகிற கைகள் அருகிவிட்டன. தளியில் தெலுங்கு பேசும் முதியவர்கள் சிலர் இன்றும் சுட்டா என்ற நாட்டுச் சுருட்டைக் குடிக்கிறார்கள். மற்றபடி சுருட்டுக்கு வாடிக்கையாளர்கள் முனீஸ்வரனும் கருப்பசாமியும் மதுரை வீரனும்தான். பெட்டிக்கடையில் சுருட்டு கேட்டால், "கோயிலுக்காண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருகிறார்கள். படையலுக்குப் போகும் சுருட்டில் சுவை பார்ப்பார் இல்லை. அதனால் அம்பாரத்தில் காக்கவைக்க யாருக்கும் பொறுமை இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. புகையை உள்ளே இழுப்பதில்லை என்பது சுருட்டுக்காரர்களின் வழக்கமான சமாதானம். வாய்க்கும் தொண்டைக்கும் அது பாதுகாப்பே இல்லை. ஆந்திரக் கடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா குடிக்கும் பெண்களிடம் மேலண்ணப் புற்று எவ்வளவு வருகிறது என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் தாத்தா வாய்ப்புற்றில்தான் போனார். பச்சை இலை ஒடித்த நாட்களில் அப்பத்தா வாந்தியும் தலைச்சுற்றலுமாகப் படுத்திருக்கும். ஈர இலையிலிருந்து நிக்கோடின் தோல் வழியே ஏறும் என்று அப்போது யாரும் அதற்குச் சொல்லவில்லை. யாரையும் புகைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நான் பல்லோரத்தில் வைத்துச் சுவை பார்ப்பது எப்போதாவதுதான். அந்த அறிவு அதைச் சுமந்தவர்களோடு போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

உறையூரிலிருந்து வாங்கி வந்த ஒரு கட்டை என் பெட்டியில் பழக்கினேன். இரு முனையும் திறந்த சுருட்டு சீக்கிரம் உலரும் என்பதால் தனியாகத் துணி சுற்றி வைத்தேன். நண்பர்களுக்குக் கொடுத்தபோது கருத்து பிளந்தது. காரம் இறங்கி வெல்ல வாசம் தெரிகிறது என்றார் ஒருவர். தட்டையாக இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை என்றார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது, அம்பாரம் செய்யவில்லை. வேர்த்து அடங்காத இலையை எத்தனை வருடம் வைத்தாலும் அது காய்ந்துகொண்டு போகுமே தவிர முதிராது. என் தம்பி மகன் ஊரில் இன்னும் கொஞ்சம் புகையிலை போடுகிறான். இந்தப் பங்குனி வெட்டில் நல்ல தண்ணீர்க் கிணற்றடி இலையில் ஒரு சிப்பம் எனக்கு ஒதுக்கி, மண்டிக்கு அனுப்பாமல் ஆடி வரைக்கும் புரட்டிப் புரட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உறையூரில் சுற்றித் தர ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலிலைக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை.