காரியாலயக் கணினிகளும் வீணாகும் மின்சாரமும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை இந்நாட்டு மக்கள் அனுபவித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு உயர்த்தப்பட்டது. இருந்தும் பொரளை போன்ற நகர்ப்புறக் காரியாலயங்களில், கதவைப் பூட்டிய பின்பும் கணினிகளை இயங்கவிட்டுச் செல்லும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

பழைய மேசைக் கணினியொன்று திரையுடன் சேர்த்துச் சுமார் 100 வாட் மின்சாரத்தை நுகரக்கூடியது. மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரை அது வீணே இயங்கினால் ஒன்றரை அலகு செலவாகும். இருபது கணினிகளுக்கு ஓரிரவில் 30 அலகுகள். எமது மின்கட்டணப் பட்டியலின் முதற்படியிலுள்ள ஏழைக் குடும்பமொன்று மாதம் முழுவதும் பாவிப்பதும் 30 அலகுக்கு மேற்படாது.

ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தை மீதப்படுத்துவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பழைய குழாய்த்திரைகளில் உருவம் தழும்பாகப் படிவதைத் தடுக்கவே அது உருவானது. படம் அசையும்வரை திரை எரிந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் உறக்க நிலைக்குச் செல்லுமாறு கணினியை அமைத்தால் நுகர்வு சில வாட்டுகளாகக் குறைந்துவிடும். லேசர் அச்சுப்பொறியும் நிழற்பிரதி இயந்திரமும் மைத்தூளைச் சூட்டினால் உருக்கிப் பதிப்பவை. ஆதலால் ஆயத்த நிலையில் சும்மா நிற்கும்போதும் மின்சாரம் கேட்கும். இவை பகலில் வெளிவிடும் வெப்பத்தை அகற்றக் குளிரூட்டிக்கு வேறு செலவு!

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நேரமே மின்கட்டணத்தில் உச்ச நேரமாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முன்னர், கடைசியாக வெளியேறுபவர் சுவர் ஆளியை நிறுத்துவதை அரச காரியாலயங்களேனும் கட்டாயமாக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகிறோம். பாதுகாப்புக் கமரா போன்று இரவிலும் இயங்க வேண்டியவற்றுக்குத் தனி இணைப்பு வைத்துக்கொள்ளலாம்.