அழிக்கும் உரிமை யாருக்கு?

தோப்பூரில் ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைக் கணினியில் ஏற்ற நாங்கள் நாலு பேர் போனோம். எல்லாருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அதுவும் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் அறுபது பெயர்களைக் காணவில்லை. எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே போயிருந்ததால் யார் அழித்தது என்று சொல்ல வழியே இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஆளுக்கொரு கடவுச்சொல் இருந்தாலும் போதாது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு பெரிய கணினியைப் பலர் பங்குபோட்டுப் பாவித்தார்கள். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு அந்த நேரம் போதவில்லை. எல்லாருடைய கடவுச்சொல்லும் இருந்த கோப்பை அச்சடிக்கச் சொல்லித் துளையட்டை ஒன்றைப் போட்டார். கணினியும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! கேட்பவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டா என்று அது பார்க்கவேயில்லை.

தரவுத்தளத்தில் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை எழுதியவர்கள் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தின் பற்றீசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும். ஆண்டு 1976. வாசிக்க ஒரு உரிமை, சேர்க்க ஒன்று, அழிக்க வேறொன்று. கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாம். எடுத்தால், அவர் வழியாக மட்டுமே அதைப் பெற்றவர்களிடமிருந்தும் போய்விடும். இன்றைய கிராண்ட், ரிவோக் கட்டளைகளின் வேர் அங்கேதான். பிறகு ஆரக்கிளில் 'புரொஃபைல்' வந்தது: எத்தனை தடவை பிழையாகத் தட்டினால் கணக்கு பூட்டப்படும், கடவுச்சொல் எத்தனை நாளில் காலாவதியாகும் என்று அதில் குறித்து வைக்கலாம். அதே ஆரக்கிள் பல காலம் 'ஸ்கொட்' என்ற மாதிரிக் கணக்கோடு வந்தது. கடவுச்சொல் 'டைகர்', ஒரு பூனையின் பெயர். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தட்டுமுன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

நம் நாட்டுக்கு வருவோம். அரச முகில் கணினியில் இருந்த, மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபையின் தரவுகள் 2021 ஜூலையில் அழிக்கப்பட்டன. ஓகஸ்டில் நீதிமன்றத்தில் விஷயம் வெளிவந்தது. கை தவறியதா, வேண்டுமென்றே செய்ததா என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. எங்கள் கேள்வி வேறு: அவ்வளவையும் அழிக்கும் உரிமை எத்தனை கணக்குகளுக்கு இருந்தது? அதை யார் கொடுத்தது?

சங்கத்துக்குத் திரும்பிப் போய் ஆளுக்கொரு கணக்குத் திறந்தோம். வாசிக்கலாம், சேர்க்கலாம். அழிக்க ஒரேயொரு தனிக் கணக்கு. அதன் கடவுச்சொல் உறையில் ஒட்டி, அலுமாரிக்குள். செயலாளர் நானாவுக்கு முகம் வாடிவிட்டது.

"என்னில நம்பிக்கை இல்லையா தம்பிமார்?"

எங்கள் கணக்குகளுக்கும் அந்த உரிமை இல்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினோம்.