முக்காலே மூணு வீசம்

மூணாங்கிளாஸ் படிக்கும் என் மகள் போன வாரம் நோட்டில் கட்டம் போட்டுக்கிட்டு இருந்தாள். குறுக்கே நாலு, நெடுக்கே மூணு. "எண்ணிப் பாத்தா பன்னெண்டு வருதுப்பா, அதான் மூநாலு பன்னெண்டு"ன்னு விளக்கம் வேற.

நம்ம காலத்துல கட்டமாவது ஒண்ணாவது! வாய்ப்பாட்டை ஒப்பிக்கணும், தப்பினா முட்டியில் அடி. எனக்கு அதைவிடப் பெரிய கண்டம் பாலக்கரையில் தாத்தா வீட்டில் இருந்தது. தாத்தா காந்தி மார்க்கெட் மண்டியில் கணக்கு எழுதினவர், திண்ணைப் பள்ளியில் படிச்சவர். சாயங்காலம் கூப்பிட்டு உக்கார வெச்சு, "முக்காலை முக்காலால் பெருக்குடா" என்பார். நான் முழிப்பேன். "அரையே மாகாணி" என்று அவரே சொல்லிட்டு வெத்தலை மெல்லப் போயிடுவார். ஏன்னு கேட்டா, "எண்சுவடியில அப்படித்தான்" என்பார். அவ்வளவுதான் விளக்கம் :-)

எண்சுவடி என்பது அந்தக் காலத்துப் பெருக்கல் புத்தகம். பையன் வாயால் சொல்லிச் சொல்லி மனசில் ஏத்தி, மணலில் எழுதி, பிறகு ஓலையில் எழுதுவான். சட்டாம்பிள்ளை முன்னால சொல்ல, மத்தவங்க சேர்ந்து சொல்லணும். முழு எண்ணோடு நிக்காது. கால், அரை, முக்கால், அரைக்கால் (1/8), மாகாணி என்கிற வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரைக்கும் பெருக்கல் உண்டு. குழிமாற்று என்று தனியா ஒண்ணு, நிலம் அளக்க. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. காவிரிக்கரை ஊர்களில் நெல்லும் நிலமும்தான் கணக்கு. அதனால பாடமும் அதுதான்.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றித் தகவல் அனுப்பச் சொல்லி எல்லா கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். இதைப் பெருமையா சொல்றவங்க அடுத்த வரியைச் சொல்றதில்லை. அதில் பெண்பிள்ளைகள் வெறும் 4,540 பேர். சேரிப் பிள்ளைக்கோ அந்தத் திண்ணையில் இடமே கிடையாது.

அதுக்கும் முன்னாடியே, 1789-க்குப் பிறகு, எழும்பூர் அநாதை விடுதியில் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியிலும் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுக்கிற முறையோடு சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமா போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பேரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

பின்னவாய்ப்பாட்டுக்குக் கடைசி அடி 1957 ஏப்ரல் 1. அன்னைக்கு நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அதாவது ஒரு அணா ஒரு வீசம். நூறு பைசான்னு ஆனதும், பின்னாலேயே கிலோவும் லிட்டரும் வந்ததும், தாத்தாவின் மாகாணிக்கு மார்க்கெட்டில் வேலை இல்லாமப் போச்சு. பேச்சில் மட்டும் 'முக்காலே மூணு வீசம்' தங்கிடுச்சு. 3/4-ம் 3/16-ம் கூட்டினா 15/16. கிட்டத்தட்ட முழுசு, ஒரு வீசம்தான் குறைச்சல்.

சரி, மகள் கதைக்கு வர்றேன். அவள் நோட்டில் நாலுக்கு நாலு கட்டம் போடச் சொன்னேன். மொத்தம் 16. "ஒரு பக்கம் முக்கால் எவ்வளவு?" மூணு. "இன்னொரு பக்கம் முக்கால்?" மூணு. மூணுக்கு மூணு கட்டத்தில் கலர் அடிச்சு எண்ணினாள், ஒன்பது. "பதினாறில் பாதி எட்டு, மேல ஒண்ணு" என்றாள்.

அரையே மாகாணி! முப்பது வருஷமா எனக்குப் புரியாம மனப்பாடமா கிடந்தது, அன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. குழிமாற்றும் இந்தக் கட்டம்தானே, வயலில் கோல் வெச்சுப் போட்ட கட்டம்.

ஆனா மனப்பாடம் வீண்ணு சொல்ல எனக்கு மனசு வரலை. தாத்தா விடையைப் போட்டு வெச்சிருக்காட்டி, நான் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன். ஏன்னு கேட்டப்ப அவர் ஒரு கட்டம் போட்டுக் காட்டியிருக்கலாம்தான். பாவம், அவருக்கும் யாரும் போட்டுக் காட்டலையோ என்னவோ.

உங்க வீட்டில் எண்சுவடி சொன்ன பெரியவங்க யாராவது இருந்தா, இப்பவே கேட்டு எழுதி வெச்சுக்குங்க.