சுரைக்காயும் இசப்கோலும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் படர்ந்து கிடக்கும் சுரையும் பூசணியும் ஒரு காலத்தில் வைத்திய வித்தியார்த்திகளுக்குப் பாடப்பொருள்களாக இருந்தன என்றால், அவற்றைக் குழம்புக்கு நறுக்குகிறவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் சுசுருத சம்ஹிதையில் சூத்திர ஸ்தானத்து ஒன்பதாம் அத்தியாயம், எத்தனை சாஸ்திரம் கேட்டவனானாலும் கை பழகாதவன் சிகிச்சைக்கு யோக்கியனல்லன் என்று கூறி, அறுத்துப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரிகளையும், கீறித் திறக்க நீரும் சேறும் நிறைத்த தோற்பைகளையும், இரத்தநாளத்தில் குத்தத் தாமரைத் தண்டையும், கட்டுப் போட மனித உருவப் பொம்மையையும் விதிக்கிறது.

இப்படிப் போலிப்பொருளில் கை பழகும் வழக்கம் பிற தேசங்களிலும் உண்டு. பிரான்சில் மேடம் து குட்ரே என்னும் மருத்துவச்சி, 1759இல் அரசர் அனுமதி பெற்று, துணியால் தைத்த இடுப்பையும் சிசுவையும் ஊர் ஊராகக் கொண்டு சென்று பிரசவம் பார்க்கக் கற்பித்தார்.

ஸ்கேன் என்று நாம் சொல்லும் கருவியின் வரலாற்றிலும் ஓர் இறைச்சித் துண்டு உண்டு. 1955இல் கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்டு, செவிக்கெட்டாத ஒலியால் உலோகத்தின் உட்பிளவை அறியும் கருவியைச் சோதிக்க, அறுத்தெடுத்த கட்டிகளை மோட்டாரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே பெரிய மாட்டிறைச்சித் துண்டொன்றும் வைக்கப்பட்டிருந்தது.

பின்னர் 1995இல் பூட், ஆட்லர் என்ற அமெரிக்க வைத்தியர் இருவர், ஜெலட்டினோடு, நம்மவர் மலச்சிக்கலுக்கு இரவில் கலக்கிக் குடிக்கும் அதே இசப்கோல் நாரைச் சேர்த்து, ஸ்கேன் பார்த்து ஊசி குத்திப் பழக மலிவான செயற்கைச் சதை செய்யும் வழியை வெளியிட்டார்கள். ஜெலட்டின் மட்டும் உறைந்தால் திரையில் வெறும் கறுப்பே தெரியும். நார்த் துகள்கள் ஒலியைச் சிதறடித்துத் திருப்பும்போதுதான் சதைக்குரிய சாம்பல் நிறம் வருகிறது. வெந்நீரில் கரைத்து, நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்து (ஒரு குமிழி தங்கினாலும் அது வெள்ளைக் கீற்றாய்ப் பளிச்சிட்டு அடியிலுள்ளதை மறைக்கும்), நீர் நிறைந்த ரப்பர்க் குழலொன்றை நாளமாகக் கிண்ணத்தின் நடுவில் கிடத்தி, குளிரவைத்தால் ஆயிற்று. ஊசி சென்ற தடத்தில் காற்றுப் புகுந்து கோடுகள் மலிந்தால், மறுபடியும் உருக்கி வார்க்கலாம். நோயை நிதானிக்க இது கற்பிக்காது. ஸ்கேன் ஒலி பரவும் தளத்திலிருந்து ஊசிமுனை வழுவாதபடி கையைக் கண்ணுக்கு அடக்கவே கற்பிக்கும்.

கள்ளக்குறிச்சியிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், இந்தக் கிண்ணத்துக்கு இங்கேயும் சிஷ்யர்கள் உண்டு. ஆனால் கருவில் பெண்ணென்று அறிந்து அழித்த பாவத்தைத் தடுக்கவந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் கருவியை வைத்து நடத்த விடுவதில்லை. செயற்கைச் சதையை எந்த அடுப்படியிலும் காய்ச்சலாம். பழகுவதற்கு மட்டும், கருவி பதிவாகியுள்ள அறைக்கே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.